எட்டு மாசம் இன்ஃபெக்ஷன்னு மருந்து சாப்பிட்டேன், காரணம் ரப்பர்

முதல் தடவை அந்த எரிச்சல் வந்தப்ப பாப்பாவுக்கு ஒன்பது மாசம். சிசேரியன்ல பிறந்தவ, அடுத்த குழந்தைக்கு அவசரப்படக் கூடாது, ரெண்டு மூணு வருஷம் போகட்டும்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. காப்பர் டி போட எனக்கு பயம், பால் குடுத்துட்டு இருக்கறப்ப மாத்திரை எதுக்குன்னு ஒரு தயக்கம், அதனால ஆணுறைன்னு முடிவு பண்ணோம். இவரு காரைக்குடியில வேலை பாக்கற கடையிலேர்ந்து வர்ற வழியில தெரியாத ஒரு மெடிக்கல்ல வாங்கிட்டு வருவாரு. நாங்க இருக்கறது கோட்டையூர்ல, ஒரு பெரிய செட்டியார் வீட்டோட பின்கட்டுல வாடகைக்கு, அத்தையும் எங்க கூடத்தான். பாத்ரூம் போகணும்னா வளவை, அதாவது நடு முற்றத்தைத் தாண்டி கடைசிக்குப் போகணும். அன்னைக்கு ராத்திரி கால் மணி நேரத்துல அந்த இடத்துல அரிப்பு ஆரம்பிச்சு, அப்புறம் எரிச்சல், தொட்டா வீங்கின மாதிரி இருந்துச்சு. பச்சைத்தண்ணி விட்டுக் கழுவ அந்த வளவை நான் நாலு தடவை தாண்டியிருப்பேன், நாலாவது தடவை அத்தை முழிச்சுட்டு "என்னம்மா வயித்தாலயா"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் யார்கிட்டயும் நிஜத்தைச் சொல்லலை. நான் பண்ண பெரிய தப்பு அதுதான், அதனாலதான் இப்ப எல்லாத்தையும் கூச்சப்படாம எழுதறேன்.

ரெண்டு மூணு தடவை இப்படி ஆனதும் காரைக்குடியில ஒரு லேடி டாக்டர்கிட்ட போனேன். எரியுதுன்னு மட்டும்தான் சொன்னேன், எப்ப எரியுதுன்னு சொல்லலை, அவங்களும் கேக்கலை. யூரின் டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக். "மருந்து முடியற வரைக்கும் சேர வேண்டாம்"னாங்க. சேரலை, சரியாப் போச்சு. மருந்து வேலை செஞ்சுருச்சுன்னு நிம்மதியா இருந்தேன். பத்து நாள் கழிச்சு மறுபடி அதே மாதிரி. திரும்பப் போனா இது பூஞ்சைத் தொற்றா இருக்கும்னு ராத்திரி உள்ள வச்சுக்கற மாத்திரை ஆறு நாளைக்கு, கூட ஒரு க்ரீம், அப்பவும் சேர வேண்டாம்னாங்க, அப்பவும் சரியாப் போச்சு, அப்பவும் திரும்ப வந்துச்சு. இந்தச் சுத்துலதான் நான் மாட்டுனேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் குணமாக்கினது மருந்து இல்லை, ஆணுறை படாம இருந்த அந்த ஆறேழு நாள்தான். இது தெரியாம மருந்தைக் கொண்டாடிட்டு இருந்தேன். நீங்க இதே மாதிரி மருந்து சாப்பிடறப்ப சரியாகி, சேந்த உடனே திரும்ப வருதுன்னா, தயவுசெஞ்சு மூணாவது ரவுண்டு மருந்துக்குப் போகறதுக்கு முன்னாடி ஒரு காலண்டர்ல தேதியும் நேரமும் குறிச்சு வைங்க. என்னைக்கு சேந்தோம், எத்தனை நிமிஷத்துல ஆரம்பிச்சுது, எப்ப அடங்குச்சு, என்ன பாக்கெட். இந்த நாலும் டாக்டருக்குத் தெரிஞ்சா போதும், பாதி டெஸ்ட் மிச்சம்.

நாலாவது மாசம் தேவகோட்டையில வேற ஒரு டாக்டர். அவங்க ஃபைலைப் புரட்டிப் பாத்துட்டு, நர்ஸ் நிக்கும்போதே, "உங்க வீட்டுக்காரர் அடிக்கடி வெளியூர் போவாரா"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி எனக்குள்ள போட்ட விதை இருக்கே. சரக்கு எடுக்க இவரு மாசத்துல ரெண்டு தடவை மதுரை போவாரு, ஈரோடு போவாரு. வீட்டுக்கு வந்து நான் எதுவும் கேக்கலை ஆனா மூணு வாரம் ஒழுங்கா மூஞ்சி குடுத்துப் பேசலை. கடைசியில அழுதுட்டே கேட்டேன், அவரு கோவிச்சுக்கலை, "வா, ரெண்டு பேருமே டெஸ்ட் எடுத்துருவோம்"னாரு. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம்னு இருக்கும், எச்ஐவி டெஸ்ட் அங்க காசில்லாம பண்ணுவாங்க, உக்கார வச்சுப் பேசுவாங்க, விஷயம் வெளிய போகாது. மத்த பால்வினை நோய் டெஸ்டும் சேத்து எடுத்தோம். ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லை. அந்த டெஸ்ட் எடுத்ததுல எனக்கு வருத்தம் இல்லை, எடுக்க வேண்டியதுதான், இந்த மாதிரி எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அந்த மூணு வாரம்தான் இன்னும் மனசுல கிடக்கு.

இதுக்கு நடுவுல நாங்களே பாக்கெட் மாத்திப் பாத்தோம். சந்தேகம் வந்துச்சு, ஆனா தப்பான பக்கம். ஸ்ட்ராபெர்ரி வாசனை போட்டதுதான் காரணம்னு நினைச்சு வாசனை இல்லாதது வாங்கினோம், அப்புறம் புள்ளி வச்சது வேண்டாம்னு ப்ளெய்ன் வாங்கினோம், நடுவுல ஒரு தடவை இவரு தெரியாம "லாங் லாஸ்டிங்"னு போட்டது வாங்கிட்டு வந்துட்டாரு. அதுல உள்பக்கம் மரத்துப் போக வைக்கற மருந்து, பென்சோகெய்ன், தடவியிருப்பாங்க, சிலருக்கு அதுவே அலர்ஜி பண்ணும். வாசனை, கலர், இந்த மரமரப்பு மருந்து, விந்தணுவைக் கொல்ல சில வகையில தடவற நோனாக்சினால்-9, இதெல்லாம் தோலை எரிக்கக்கூடிய சாமான்கள்தான். அந்த நோனாக்சினால் போட்ட ஆணுறையை ஊக்குவிக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே 2000-களோட ஆரம்பத்துல சொல்லிருச்சு, அடிக்கடி உபயோகிச்சா உள்தோல் புண்ணாகி எச்ஐவி தொத்தற வாய்ப்பு கூடுதுன்னு. அதனால அட்டையைத் திருப்பி சின்ன எழுத்தைப் படிக்கணும்கறதும், முதல்ல சாதா ப்ளெய்னுக்கு மாறிப் பாக்கணும்கறதும் சரியான வழிதான். எங்க தப்பு எங்கன்னா, ப்ளெய்ன்லயும் எரிஞ்சப்பவே "அப்ப இது வாசனை இல்லை, அந்த ரப்பரே"ன்னு யோசிச்சிருக்கணும். ஆறு வகை மாத்தினோம், ஆறும் ஒரே ரப்பர் பால்ல செஞ்சது.

அடுத்து நடந்தது இதைவிட மோசம். எரிச்சல் உராய்வாலதான்னு நினைச்சு தேங்காய் எண்ணெய் தடவினோம். பாப்பா உடம்புக்கே தடவறோம், சுத்தமான செக்கு எண்ணெய், என்ன ஆகப் போகுதுன்னு. கிழிஞ்சு போச்சு. எண்ணெய் பட்டா லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால்ல செஞ்ச ரப்பர், இளகி பலம் போயிரும், அதுவும் நிமிஷக் கணக்குலயே, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதுவும் ஆகாது. உள்ள வைக்கற சில பூஞ்சை மாத்திரையிலயும் க்ரீம்லயும் எண்ணெய் சேந்திருக்கும், அதுவும் ரப்பரைக் கெடுக்கும், இது எனக்கு அந்த மாத்திரை எழுதிக் குடுத்தப்ப யாரும் சொல்லலை. வேணும்னா தண்ணி சேந்த ஜெல், இல்ல சிலிகான் ஜெல், அது மட்டும்தான். அந்த ராத்திரி நான் தூங்கலை. சிசேரியன் ஆகி ஒரு வருஷம்தான் ஆச்சு. காலையில இவரு அவசர மாத்திரை கேட்டு மூணு மெடிக்கல் ஏறி இறங்கினாரு, மூணுலயும் இல்லைன்னுட்டாங்க, ஒரு கடையில பாத்த பார்வைக்கு இவரு அப்படியே இறங்கி வந்துட்டாரு. கடைசியில டாக்டர்கிட்ட போய் சீட்டு வாங்கித்தான் கிடைச்சுது. லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாத்திரை கிடைக்கலைன்னா 5 நாளுக்குள்ள காப்பர் டி போட்டாலும் கர்ப்பம் தங்காதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மாசம் நாள் தள்ளி வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன். இவரு பாக்கெட்டை வண்டி டிக்கியில வச்சிருப்பாரு, வீட்டுக்குள்ள அத்தை கண்ணுல படக்கூடாதுன்னு. சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல வண்டி சீட்டைத் தொட முடியாது, அதுக்கடியில அது வெந்துட்டு இருந்திருக்கு. சூடு, வெளிச்சம், பர்ஸ்ல வச்சு நசுங்கறது எல்லாமே ரப்பரைக் கெடுக்கும். பழைய வீட்டுச் சுவர் அலமாரி எவ்வளவு குளிர்ச்சியா இருக்கும், அங்க ஒரு டப்பாவுல வச்சிருந்தா முடிஞ்சுது. தேதியும் பாக்கணும், நல்லபடியா வச்சாலே செஞ்ச தேதியிலேர்ந்து அதிகபட்சம் 5 வருஷம்தான்.

பாப்பாவோட முதல் பிறந்தநாளுக்கு பலூன் ஊதினேன், இருபது முப்பது இருக்கும். ஊதி முடிக்கறதுக்குள்ள உதடு ரெண்டும் தடிச்சு அரிக்க ஆரம்பிச்சுது. போட்டோல நான் உதட்டை மடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். பலூன்ல இருந்த கலர் ஒத்துக்கலைன்னு வந்தவங்க சொன்னாங்க, நானும் அப்படித்தான் நம்பினேன். வாழைப்பழம் சாப்பிட்டா சின்ன வயசுலேர்ந்தே எனக்கு அண்ணம் நமநமன்னு இருக்கும், அதை ஒரு விஷயமாவே நினைச்சதில்லை. மூணும் ஒரே விஷயம்னு கண்டுபிடிச்சது லேடி டாக்டரும் இல்லை, ஸ்கின் டாக்டரும் இல்லை, பல் டாக்டர். கடவாய்ப்பல் சொத்தைக்காகப் போயிருந்தேன். அவரு க்ளவுஸ் போட்ட கையோட வாயில வேலை பாத்துட்டு இருக்கறப்பவே உதடும் கன்னமும் வீங்க ஆரம்பிச்சுது. உடனே நிறுத்திட்டு, வாயைக் கழுவச் சொல்லி, அலர்ஜி மாத்திரை குடுத்து, மூச்சு வாங்குதா, தொண்டை அடைக்குதான்னு கேட்டுக்கிட்டே அரை மணி நேரம் பக்கத்துலயே உக்கார வச்சிருந்தாரு. அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டாரு. பலூன் ஊதினா? வாழைப்பழம், பப்பாளி, கிவி சாப்பிட்டா? ஏற்கனவே ஆபரேஷன் ஆகியிருக்கா? நான் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு இருக்கேன். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க வீட்டுல ஆணுறை உபயோகிச்சா ஏதாவது தொந்தரவு வருதா"ன்னாரு. அந்த பல் டாக்டர் சேர்லயே எனக்கு அழுகை வந்துருச்சு. எட்டு மாசத்துல இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

அவரு சொன்னதையும் பின்னாடி மதுரையில அலர்ஜி பாக்கற ஸ்கின் டாக்டர் சொன்னதையும் சேத்து எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். கடையில விக்கற பெரும்பாலான ஆணுறை, க்ளவுஸ், பலூன் எல்லாம் ரப்பர் மரத்துப் பால்லதான் செய்யறாங்க. அந்தப் பால்ல கந்தகமும், சீக்கிரம் இறுகறதுக்கு சில கெமிக்கலும் கலந்து, கண்ணாடி அச்சை முக்கி எடுத்து சூடு பண்ணி, அப்புறம் கழுவுவாங்க. கழுவினாலும் மரத்துப் பால்ல இருக்கற புரதம் கொஞ்சம் தங்கிரும். அந்தப் புரதம் ஒத்துக்காதவங்களுக்கு பட்ட சில நிமிஷத்துலேர்ந்து அரை மணி நேரத்துக்குள்ள அரிப்பு, தடிப்பு, வீக்கம் வரும், என்னோடது இந்த வகை. வாழைப்பழப் புரதமும் இந்தப் புரதமும் சாயல்ல ஒண்ணு போல இருக்கறதாலதான் அண்ணம் நமைச்சல். இன்னொரு வகை இருக்கு, அதுல பிரச்சனை புரதம் இல்லை, இறுக வைக்கற அந்தக் கெமிக்கல். அது அன்னைக்கே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு செவந்து, தோல் உரிஞ்சு, நாள்கணக்கா இருக்கும். டெஸ்டும் வேற வேற. என் வகைக்கு ரத்தத்துல ஐஜிஈ (அலர்ஜியைக் காட்டற எதிர்ப்புப் புரதம்) பாப்பாங்க, இல்ல தோல்ல லேசாக் குத்திப் பாப்பாங்க. ரெண்டாவது வகைக்கு முதுகுல பட்டை ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு எடுத்து, அதுக்கப்புறமும் ஒரு தடவை வரச் சொல்லிப் பாப்பாங்க. பெண்ணுக்கு மட்டும்னு இல்லை, ஆம்பளைங்களுக்கும் இதே மாதிரி வரும்.

மதுரைக்கு நான் ரெண்டு தடவை அலைஞ்சேன். முதல் தடவை திருப்பத்தூர், மேலூர்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல பஸ்ல பாப்பாவை மடியில வச்சுக்கிட்டுப் போய் இறங்கினா, முந்தின நாள் அலர்ஜி மாத்திரை போட்டேன்னு தெரிஞ்சதும் குத்திப் பாக்கற டெஸ்ட் இன்னைக்கு முடியாது, மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. அந்த மாத்திரை இருந்தா தோல் எதையும் காட்டாதாம். போன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கறப்பவே கேட்டிருந்தா ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். ரத்த டெஸ்டுக்கு அந்தப் பிரச்சனை இல்லை. மொத்தக் கணக்கு சொல்றேன், டாக்டர் ஃபீஸ், யூரின் கல்ச்சர், ஸ்கேன் ஒண்ணு, மருந்து, மதுரைச் செலவு எல்லாம் சேத்து 14,000 ரூபாய்க்கு மேல. இவரு சம்பளத்துல ஒரு மாசம். தேவையில்லாம சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கால நடுவுல நிஜமாவே பூஞ்சைத் தொற்றும் வந்து போச்சு, அந்தச் செலவும் இதுலதான்.

ராத்திரி ராத்திரியா போன்ல படிச்சு வேற ஒரு பயத்தையும் சேத்துக்கிட்டேன், ஆணுறையில கேன்சர் வர வைக்கற கெமிக்கல் இருக்குன்னு. மதுரை டாக்டர்கிட்ட நேரா கேட்டேன். அவரு தட்டிக் கழிக்காம சொன்னாரு. 2004-ல ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் ஆய்வுக்கூடத்துல 32 வகை ஆணுறையைச் சோதிச்சதுல 29-ல நைட்ரோசமைன்ங்கற பொருள் இருந்துச்சு, அது பொய் இல்லை. ரப்பரை இறுக வைக்கற கெமிக்கல்லேர்ந்து உருவாகறது அது. அதே பொருள் சிகரெட் புகையில இருக்கு, பதப்படுத்தின கறியில இருக்கு, உப்புப் போட்டுக் காயவச்ச மீன்ல இருக்கு. ஆணுறை உடம்புல படற நேரமும் அளவும் கொஞ்சம், உடனே பயப்பட ஒண்ணுமில்லைன்னுதான் அப்பவே சொன்னாங்க, கம்பெனிகளும் அதைக் குறைக்கணும்னு உலக அளவுல தரம் எழுதறப்ப சேத்துட்டாங்க. "இந்த பயத்துல ஆணுறையை விட்டுட்டா வர்ற நோயும் கர்ப்பமும் நிச்சயம்மா, அது கண்ணுக்குத் தெரியற ஆபத்து"ன்னாரு. எனக்கு அந்த பதில் போதுமா இருந்துச்சு. சரியா உபயோகிச்சா வருஷத்துக்கு 100 பேர்ல 2 பேருக்குத்தான் கர்ப்பம் தங்கும், நிஜ வாழ்க்கையில ஏனோதானோன்னு உபயோகிக்கறப்ப அது 13 ஆகுதாம். எண்ணெயும் வண்டி டிக்கியும் எங்களை எந்தக் கணக்குல சேத்துச்சுன்னு நல்லாவே தெரிஞ்சுது.

மாத்து இருக்கு, இதை யாராவது முதல் மாசமே சொல்லியிருந்தா நான் பட்டதெல்லாம் இல்லை. மரத்துப் பால் இல்லாம செய்யறது ரெண்டு மூணு வகை. பாலிஐசோப்ரீன்னு ஒண்ணு, ரப்பர் மாதிரியேதான் இருக்கும் ஆனா ஃபேக்டரியில செஞ்சது, அந்தப் புரதம் கிடையாது, என்னை மாதிரி ஆளுங்களுக்கு சரியா வரும். ஆனா அதையும் இறுக வைக்க கெமிக்கல் போடறதால ரெண்டாவது வகை அலர்ஜி இருக்கறவங்களுக்கு அதுலயும் தொந்தரவு வரலாம், அவங்களுக்கு பாலியூரித்தேன் நல்லதுன்னாரு டாக்டர். இது ரப்பர் அளவுக்கு இழுபடாது, அதனால அளவு பாத்து கவனமா போடணும். பெண்கள் போடற உறையில நைட்ரைல்ங்கற செயற்கை ரப்பர்ல செஞ்சது இருக்கு, ஆனா மரத்துப் பால்ல செஞ்சதும் வருது, பாத்து வாங்கணும். ஆட்டுக்குடல்ல செய்யறது ஒண்ணு இருக்கு, அது நோய்க்கிருமியைத் தடுக்காது, அதை நம்பக் கூடாது. பாலிஐசோப்ரீனுக்கும் எண்ணெய் ஆகவே ஆகாது. எங்க ஊர் மெடிக்கல்ல இது எதுவும் கிடைக்கலை, ஆன்லைன்லதான் வாங்கறோம், சாதா பாக்கெட்டை விட மூணு மடங்குக்கு மேல விலை. வாங்கறப்ப "நான் லேட்டக்ஸ்"னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க, "சென்சிடிவ்", "அல்ட்ரா தின்"னு மட்டும் எழுதியிருந்தா அது பெரும்பாலும் ரப்பர்தான். முதல் தடவை உபயோகிச்ச ராத்திரி நான் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். கால் மணி, அரை மணி, ஒரு மணி. ஒண்ணுமே ஆகலை. வளவுப் பக்கம் போகாம விடியற வரைக்கும் தூங்கினேன்.

அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு நாள் யோசிச்சு, "பல் டாக்டர் எனக்கு ரப்பர் ஒத்துக்காதுங்கறாரு அத்தை"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க மாமனார் அந்தக் காலத்துல பெட்டியடிப் பையனா, கடையில எடுபிடியா, மலேயாவுக்குப் போய் செட்டியார் கிட்டங்கியில (வட்டிக்கடையில) அடுத்தாள், அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பு, வரைக்கும் வந்தவரு, ரப்பர் தோட்டம்லாம் பாத்தவரு. அத்தை கொஞ்சம் கூட ஆச்சரியப்படலை. "மரத்துப் பாலுதானே, எருக்கம்பாலு பட்டா எரியறதில்லையா, ஒருத்தருக்கு ஒத்துக்கும் ஒருத்தருக்கு ஒத்துக்காது"ன்னாங்க. எருக்கம்பால் எல்லாரையும் எரிக்கும், அது வேற இது வேறதான், ஆனா அவ்வளவு லேசா எடுத்துக்கிட்டாங்க பாருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு என் முகத்தைப் பாக்காம, "ராத்திரி ராத்திரி எந்திரிச்சுப் போனியே, அதுவும் இதுதானா"ன்னு கேட்டாங்க. நான் தலையாட்டினேன். "சொல்லியிருக்கலாம்ல"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

ஒரு விஷயம் பாக்கி. இந்த அலர்ஜி எரிச்சலோட நிக்காது, சிலருக்கு மூச்சு முட்டி மயக்கம் வர்ற அளவுக்குப் போகும், முக்கியமா ஆபரேஷன்ல, ஏன்னா அங்க க்ளவுஸ், யூரின் ட்யூப் எல்லாம் ரப்பர்ல இருக்கலாம், வயித்துக்குள்ளயே படும். அதனால பிரசவம், சிசேரியன், பல் வேலை, ஏன் உள்பரிசோதனைக்கு முன்னாடி கூட "எனக்கு லேட்டக்ஸ் அலர்ஜி, வேற க்ளவுஸ் போடுங்க"ன்னு நாமதான் வாய்விட்டுச் சொல்லணும். பலூன் ஊதினாலே உதடு வீங்கறவங்க வீட்டுலயே மறுபடி பட்டுப் பாத்து சோதிக்கற வேலையும் வேண்டாம். ரெண்டாவது குழந்தைக்கு நாள் வந்தா ஆபரேஷன் முன்கூட்டியே தேதி வச்சு, அன்னைக்கு தியேட்டர்ல முதல் கேஸா எடுக்கணும், மத்த கேஸோட க்ளவுஸ் தூசி காத்துல இல்லாதப்பன்னு மதுரை டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. அந்தச் சீட்டையும், சிவப்பு மையில "லேட்டக்ஸ் அலர்ஜி"ன்னு எழுதின கார்டையும் பாப்பாவோட தடுப்பூசி அட்டை கூட ஒண்ணா வச்சிருக்கேன், அது இருக்கற இடம் இவருக்கும் அத்தைக்கும் தெரியும்.